ஏழாவது ஜன்னல்

எண்காரர் வீட்டு அலமாரியில் வேறொரு ஆணின் சட்டை முதன்முதலாகத் தொங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு. அன்று சந்தையில் வெங்காயம் கிலோ இருபத்தெட்டு, முட்டை ஒன்று ஐந்தரை, தக்காளி வரவில்லை. சட்டையை முதலில் பார்த்தது எண்காரரின் மனைவி. அவள் தையல்காரி என்பதால், யாருடையது என்று யோசிப்பதற்கு முன்பே கை தானாக டேப்பை எடுத்துவிட்டது. கழுத்து பதினாறு, மார்பு நாற்பத்திரண்டு, இடது தோள் வலதைவிட அரை அங்குலம் இறக்கம். நாள் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பிழைக்கிற ஆள். எண்காரருக்கு மார்பு முப்பத்தாறு, அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்தால். பல் தேய்த்தபடி அறைக்குள் வந்த எண்காரர், தன் மனைவி எவனோ ஒருவனின் சட்டையைக் கட்டிலில் விரித்துத் தோளை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். அளவு தெரிந்தவள் தெரியாததுபோல அளக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அவள் மனதில் ஓடியது வேறு. வந்த சட்டை கிடக்கட்டும், நேற்று மடித்து வைத்த இவருடைய சாம்பல் நிறச் சட்டை எங்கே? எந்த வீட்டில் கழற்றி மாட்டிவிட்டு வந்திருக்கிறார்? இருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

எண்காரர் என்ற பெயர் அவருக்கு வேலையால் வந்தது. நகர வரைபட அலுவலகத்தில் மாடிப்படிக்கு அடியில் அவருடைய மேசை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும், கிணற்றுக்கும், விளக்குக் கம்பத்துக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அதைப் பிறப்பிப்பவர் அவர். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போடுகிற வேலை அல்ல அது. அப்படிப் போட்டால் இரண்டு மேசையில் இருக்கும் இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுத் தொலைப்பார்கள். ஒரு பொருளின் எண் அதன் குணங்களிலிருந்தே வர வேண்டும் என்பது விதி. வரைபடக் கோப்பில் வீட்டுக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் கட்டங்கள்: என்ன உபயோகம், எத்தனை மாடி, நீளம், அகலம், வாசல் எந்தத் திசை, கூரை எது, எந்த ஆண்டு கட்டியது, ஜன்னல் எத்தனை. இவற்றைச் சேர்த்துக் கணினிக்குள் விட்டால் அது பிசைந்து உருட்டிப் பன்னிரண்டு இலக்கத்தில் ஓர் எண்ணைக் கொடுக்கும். அதே குணங்களை நூறு முறை கொடுத்தாலும் அதே எண். ஒரு ஜன்னல் கூடினாலோ எண் தலைகீழாக மாறிவிடும்.

முதலில் வீடு இருக்கும் இடத்தையும் தெருவையும் கட்டங்களில் வைத்திருந்தார்கள். ஆனால் புதிய அளவைக் கருவி வாங்கும்போதெல்லாம் ஊர் மூன்று மீட்டர் வடக்கே தள்ளி இருப்பதாகத் தெரிந்தது, எல்லா எண்களும் மாறின. தெருப் பெயர்களோ தேர்தலுக்குத் தேர்தல் மாறின. இந்த ரோதனை தாங்காமல் அலுவலகத்தின் தலைமை அளவையாளர் இரண்டையும் கட்டங்களிலிருந்து தூக்கிவிட்டார். இடம் நகரும், பெயர் மாறும், குணம் மாறாது என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினார். எண்காரர் மட்டும் தயங்கித் தயங்கி, எங்கே இருக்கிறது என்றே சொல்லாமல் ஒரு வீட்டை எப்படி அடையாளம் காட்டுவது என்று கேட்டார். முப்பத்தெட்டாயிரம் வீட்டில் எல்லாக் குணமும் ஒத்த இரண்டு வீட்டைக் காட்டும், நான் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார் தலைமை அளவையாளர். இரண்டு வருடம் அப்படி எதுவும் அகப்படவில்லை, மீசையும் இருந்தது.

கோப்பில் இருக்கும் வரைதான் ஊரில் ஒரு பொருள் இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை தெருக்கோடிக் குடிநீர்க் குழாய் ஒன்றின் வரிசை தவறுதலாக அழிந்துபோனது. மறுநாள் குழாய் இல்லை. குடத்தோடு வந்தவர்கள் ஒரு வாரம் அங்கே வரிசையில் நின்றார்கள், எதற்கு நிற்கிறோம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் புதிய வரைபடம் வெளியாகும். அன்று மாலை நாலரைக்கு இரட்டை நீக்கம் நடக்கும். ஒரே எண் இரண்டு வரிசையில் இருந்தால் முதலில் பதிந்தது நிற்கும், பின்னால் பதிந்தது அழியும். எண்காரர் நாணயமான மனிதர். அலுவலகத்து ஆள் தன் வீட்டை முந்திக்கொண்டு பதிந்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்று, ஊரையெல்லாம் பதிந்து முடித்த பிறகு கடைசி வரிசையாகத்தான் தன் வீட்டைப் பதிந்திருந்தார்.

தையல் இயந்திரம் இருந்த மூலையில் வெளிச்சம் போதவில்லை, ஊசியில் நூல் கோர்க்கவே கண் வலிக்கிறது என்று மனைவி நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டின் வரைபடம் வெளியான மறுவாரம் கொத்தனார் வந்து சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தார். திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு எண்காரர் கோப்பைத் திறந்து, தன் வீட்டு ஜன்னல் ஆறு என்றிருந்ததை ஏழு ஆக்கினார். கணினி புதிய எண்ணைக் கொடுத்தது. அவர் சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், சக ஊழியர் போட்ட எண்களை இரண்டு தரம் ஒத்துப் பார்ப்பார். தன் வீட்டு எண்ணை மட்டும் ஒத்துப் பார்க்கவில்லை. தன் கையால் தானே போட்டோம் என்று விட்டுவிட்டார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, அலமாரியில் சட்டை தொங்கியது.

அதன் பிறகு வந்தவையும் போனவையும் ஏராளம். குளியலறை மாடத்தில் ஒரு சீப்பு வந்தது. தையல்காரியின் முடி தோளைத் தாண்டாது, சீப்பில் சிக்கியிருந்ததோ ஒரு முழ நீளம். ஆணின் காலணி ஒன்று வந்தது, ஒற்றைக் கால். சாம்பல் நிறச் சட்டை ஒருநாள் தானாகத் திரும்பி வந்தது. வெட்டுக் கத்தரி போனது, நூல்கண்டு பெட்டி போனது, பின்னால் வேறொரு பூட்டோடு திரும்பி வந்தது. கண் எதிரே இருந்தது எதுவும் நகரவில்லை. மூடி வைத்ததும் மறந்து வைத்ததும்தான் போயின. எண்காரரின் அக்கா நான்கு நாள் தங்கிப்போக வந்தவள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, தம்பியைத் தனியே கூப்பிட்டு, உன் வீட்டில் எனக்குத் தெரியாத ஆம்பளை யாராவது இருக்கிறானா என்று கேட்டாள். பிறகு அவன் மனைவியையும் தனியே கூப்பிட்டு, என் தம்பி முன்பெல்லாம் இப்படி இல்லையே என்றாள். கொளுத்திப் போட்ட திருப்தியோடு அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள்.

தையல்காரி துணிகளுக்கு அடையாளம் வைத்தாள். வீட்டில் இருந்த ஒவ்வொரு சட்டையின் உள்மடிப்பிலும், எண்காரரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சிவப்பு நூலால் மூன்று தையல். எது எப்போது வெளியே போகிறது என்று பிடித்துவிடலாம் என்பது திட்டம். எண்காரர் பாத்திரங்களின் அடியில் ஆணியால் எண் கீறினார். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கினார். அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருமுனை லாண்டரியில் ஒளிந்து நின்று எழுதத் தொடங்கினார். புதன், 4.10. வெளியே போனாள். நீலச் சால்வை. 4.50. திரும்பினாள். கையில் பொத்தான் பொட்டலம். வெள்ளி, 11.05. வாசலில் நின்றாள். சாம்பல் சால்வை. யாரையோ எதிர்பார்ப்பது போல. ஒன்பது மாதம் இப்படி எழுதினார். வீட்டுக்குள் பேச்சு குறைந்துகொண்டே வந்து கடைசியில் உப்பு, தண்ணீர், கதவு என்று மூன்று நான்கு சொல்லில் நின்றது.

ஒருநாள் அந்த நோட்டை அவர் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார். மறுநாள் அது அங்கே இல்லை. மனைவி எடுத்துவிட்டாள் என்று நினைத்து மூன்று நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் தெரிந்தது. அன்று மதியம் தையல்காரியின் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பேருந்து நிலையத்தில் பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பாதுகாக்கும் அறைக்குப் பொறுப்பாளர் அவள். ஊரில் அவளைச் சாமான்காரம்மா என்பார்கள். இடுப்பு வரை பின்னல், கையில் ஒரு துணிப்பை. கைக்கு வந்த எந்தப் பொருளையும் உரியவரிடம் சேர்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சட்டையை எடுத்து உள்மடிப்பைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தச் சிவப்பு நூல் உங்க கையா? ஊர்ல இருக்கிற தையல் கடை எல்லாம் ஏறி இறங்கிட்டேன். இது பதினொண்ணாவது வாசல்."

தையல்காரி சட்டையைப் பார்க்கவில்லை, வந்தவளின் பின்னலைப் பார்த்தாள். சீப்பில் இருந்த முடி அதுதான். உள்ளே போய்ப் பெரிய சட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டாள்.

"இது உங்க வீட்டுக்காரரோடதா? இடது தோள் இறக்கம்."

"ஆமா, டிரைவர். பஸ் ஓட்டுறார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பது மாசமா என் அலமாரியில தொங்குது."

இருவருக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சாமான்காரம்மாவின் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்திருந்தது. யாருடைய கத்தரி இது என்று அவள் டிரைவரைக் குடைந்திருக்கிறாள். எவனுடைய சட்டை இது என்று டிரைவர் அவளைக் குடைந்து, அதைத் தானே போட்டுப் பார்த்து, இரண்டு பொத்தான் தெறித்ததுதான் மிச்சம். கடைசியாக அவள் பையிலிருந்து பழுப்பு நோட்டை எடுத்தாள். முந்தாநாள் அவள் வீட்டு அலமாரியில் அகப்பட்டது, முறைப்படி பதிவேட்டில் ஏற்றி எண் போட்டிருந்தாள். நூலும் பொத்தானும் வாங்கப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள், படிக்கவே கூசியது, உங்களைப் பற்றித்தான் என்று தோன்றுகிறது, உங்களிடம் சேர்ப்பதுதான் முறை என்றாள். தையல்காரி நின்றபடியே படித்தாள். எழுத்து அவருடையது. தன் வீட்டு வாசலில் தான் நின்றதுகூட அதில் இருந்தது.

அன்று பிற்பகல் இருவரும் பஸ் பிடித்து நாலரை கிலோமீட்டர் தள்ளி, ஊரின் மேற்குக் கோடியில் இருந்த சாமான்காரம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் கால் வைத்ததும் தையல்காரிக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. சமையலறை அலமாரியில் அடியில் எண் கீறிய தன் வீட்டு டம்ளர்கள். அதே மூலையில் அதே அளவில் ஏழாவது ஜன்னல், அதன் கீழே ஒரு நாற்காலி. ஒரு திங்கட்கிழமை மதியம் இந்த நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்ததாம், திரும்பிப் பார்த்தால் சுவரில் காற்று வருகிறதாம். எங்கள் வீட்டில் ஜன்னல் எப்போதும் ஏழுதான், ஆனால் ஒன்று இடம் மாறிவிட்டது என்றாள் சாமான்காரம்மா.

விஷயம் கேட்டு எண்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். இரண்டு வரிசையும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. எட்டுக் கட்டமும் ஒன்று, பன்னிரண்டு இலக்கமும் ஒன்று, கோப்பின் கணக்கில் இரண்டும் ஒரே வீடு. வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்துச் சிரித்தார், அது நிம்மதிச் சிரிப்பு. ஒன்பது மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டதே என்று அவருக்கு அழுகைகூட வந்தது. அவள் தையல் இயந்திரத்தின் மரமூடியைப் போட்டுப் பூட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ எண் ஒண்ணா விழலேன்னா, நான் தப்புப் பண்ணினவதானே?"

அவள் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். போன இடம் சாமான்காரம்மாவின் வீட்டுப் பின்னறை. வாடகை பேசி, ஏழாவது ஜன்னலுக்குக் கீழே இயந்திரத்தைப் போட்டு, கதவில் தையல் என்று எழுதித் தொங்கவிட்டாள். ஆனால் மரமூடியைப் போட்டுவிட்டுத் தூங்கினால், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை விடியும்போது இயந்திரம் எண்காரர் இருந்த கிழக்கு வீட்டில் இருந்தது. அவள் திட்டிக்கொண்டே ஊசியும் நூலும் வைத்துக் கையால் தைத்தாள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ இயந்திரம் திரும்பி வரும், துடைத்து, எண்ணெய் விட்டு, நாடா சரிசெய்து. அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மிதிப்பாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் அந்த இயந்திரத்தைத் தொட்டதில்லை என்று சாமான்காரம்மாவிடம் ஒருநாள் சொன்னாள்.

அடுத்த வரைபடம் வெளியாக இரண்டு மாதம் இருந்தது. இரட்டை நீக்கத்தில் அழியப்போவது கிழக்கு வீடு, பின்னால் பதிந்தது அதுதான். எண்காரர் தன் வீட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். அதே நிமிடம் மேற்கு வீட்டு ஜன்னலும் அடைபட்டு, தையல்காரி இருட்டில் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். அவர் செங்கலைப் பிரித்தார். வாசற்படியை உயர்த்தினார், அங்கேயும் உயர்ந்தது. ஒரே எண்ணுக்குள் விழுந்த இரண்டு வீட்டில் ஒன்றுக்கு மட்டும் ஒரு குணத்தைக் கொடுக்க முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. வேறுபட்டது இடம் ஒன்றுதான், அதற்குத்தான் கட்டம் இல்லை. தலைமை அளவையாளரிடம் போய் நின்றார். இல்லாத ஒரு வீட்டைக் கோப்பில் நுழைத்து யாருக்கோ சலுகை பண்ணுகிறார் என்று முதலில் அளவையாளருக்குச் சந்தேகம். தானே டேப்போடு போய் இரண்டு வீட்டையும் அளந்துவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். வெளியே வந்து, நான் எதையும் பார்க்கவில்லை, முப்பத்தெட்டாயிரம் கதவில் எண் தகடு அடித்தாயிற்று, ஒரு வீட்டுக்காக எல்லாவற்றையும் கழற்ற முடியாது, நீக்கம் வழக்கம்போல நடக்கும் என்றார். மீசையை அவர் எடுக்கவில்லை என்பதை ஊர் குறித்துக்கொண்டது.

இந்த இரண்டு மாதமும் டிரைவர் ஓய்வு நாளில் வரைபட அலுவலக வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். எண்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் நியாயம் உண்டு. பதிவுத் தேதியை மாற்றும் சாவி எண்காரரிடம்தான் இருந்தது. இரண்டு தேதியை இடம் மாற்றினால் அழிவது மேற்கு வீடு. ஒருநாள் மதியம், டிரைவர் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது, எண்காரர் அந்தக் கட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அப்பா கட்டிய வீடு, அவர் பிறந்த வீடு, போனால் அவருக்கு வேறு கூரை இல்லை. ஆனால் இப்போது தன் மனைவி தூங்குவது அந்தப் பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. கட்டத்தை மூடிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

வழி கிடைத்தது மயானத்திலிருந்து. ஊருக்குப் பொது மயானம் ஒன்று, அதன் நடுவே முன்பே சாலை போட்டு இரண்டாக வெட்டியிருந்தார்கள். கோப்பில் அது இரண்டு வரிசை அல்ல. ஒரே வரிசை, ஒரே எண், ஆனால் வரைபடத்தில் இரண்டு துண்டு. ஏரிக்குள் இருந்த இரண்டு மணல்திட்டும் அப்படியே, ஒரே பூங்கா. துண்டுகள் எத்தனை கிடந்தாலும் பொருள் ஒன்று என்று எழுத விதியில் இடம் இருந்தது. வீட்டுக்கு அப்படி எழுதக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றாததால் சொல்லவில்லை. அதற்கு ஒரு படிவம், படிவத்தில் இரண்டு துண்டிலும் குடியிருக்கும் பெரியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்காரர் தன் கையெழுத்தைப் போட்டார். மனைவியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு முகம் இல்லை. அலமாரியில் சட்டைகளுக்கு அடியில், முன்பு நோட்டை வைத்த அதே இடத்தில் வைத்து மூடினார். மறுநாள் படிவம் போயிருந்தது.

மேற்கு வீட்டில் படிவத்தை மேசையில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். என் வீட்டை அமுக்கப் பார்க்கிறான் என்றார் டிரைவர். சாமான்காரம்மா பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்து, அமுக்க வழியில்லை, ஆனால் அந்த மனுஷன் நம் சமையலறையில் நடமாடும்படி ஆகும் என்றாள். பிறகு, அந்த மனுஷனுடைய டம்ளரில்தானே இத்தனை நாளாகக் காப்பி குடிக்கிறோம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். டிரைவரும் போட்டார். தையல்காரி போடவில்லை. வீட்டைக் காப்பாற்றப் பார்க்கிறாரா, தன்னை மறுபடி உள்ளே இழுத்துப்போட்டுக் காவல் காக்கப் பார்க்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நான்கு நாள் படிவத்தைக் கண் எதிரே, ஜன்னல் விளிம்பில் கல்லை வைத்து அழுத்தி வைத்திருந்தாள். மூடி வைத்தால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பழுப்பு நோட்டை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தாள். என்ன சால்வை, கையில் என்ன, முகம் வாடியிருந்ததா, வழியில் எங்கே நின்று மூச்சு வாங்கினாள் என்று எல்லாம் இருந்தது. பக்கத்தில் இருந்த நாளெல்லாம் பார்க்காத மனிதன் லாண்டரியில் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறான் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு அன்று தைக்க வேண்டிய துணியைக் கையில் எடுத்தவள், அவருடைய முப்பத்தொரு சட்டையில் தான் போட்ட சிவப்புத் தையலை எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நீக்க நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எண்காரர் காலையில் அலமாரியைத் திறந்து பார்த்தார், இல்லை. மதியம் சாப்பாட்டுக்கு வந்து பார்த்தார், இல்லை. அப்பாவின் படத்தையும் இரண்டு நாற்காலியையும் தெருவில் கொண்டுவந்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வெள்ளையடிக்கிறீர்களா என்று கேட்டார்கள், ஆமாம் என்றார். மூன்றரைக்கு, கதவை ஒரே ஒரு தரம் பூட்டி, இழுத்துப் பார்க்காமல் இறங்கினார். பாதித் தெரு போனவர் திரும்பி வந்தார். பூட்டைத் திறந்து, அலமாரியைத் திறந்தார். சட்டைகளுக்கு அடியில் படிவம் இருந்தது. நான்காவது கையெழுத்துக்கு எதிரே, அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. செவ்வாய், 2.50. கையெழுத்துப் போட்டாள். பச்சைச் சால்வை. யாரையும் எதிர்பார்க்கவில்லை.

அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு தெருவில் கழன்று கிடந்தது. நாலு இருபத்தாறுக்கு இரண்டு வரிசையையும் ஒன்றாக்கி, துண்டுகள் என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். நாலரைக்கு நீக்கம் நடந்தது. கணினி, இரட்டை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அடங்கியது.

மறுநாள் காலை தையல்காரி தண்ணீர் குடிக்கப் பின்னறைக் கதவைத் திறந்தாள். கதவுக்கு அப்பால் சாமான்காரம்மாவின் கூடம் இல்லை, எட்டு எட்டில் நடக்கிற நீளத்தில் ஒரு நடை இருந்தது. அதன் பக்கச் சுவரில் கூடத்துக்கு ஒரு வழி, முடிவில் கிழக்கு வீட்டுச் சமையலறை. எண்காரர் அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார், ஒற்றைச் செருப்போடு. அவள் வாசற்படியிலேயே நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். சால்வை பச்சையா வேறா என்று பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"மணி ஆறு இருபது. எழுதிக்கலையா?" என்று கேட்டாள்.

"நீ எங்கயும் போகலையே. எழுத என்ன இருக்கு?"

அவள் உடனே உள்ளே வந்துவிடவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள், தேநீரை அங்கேயே வாங்கிக் குடித்தாள். பின்னறையின் பூட்டும் சாவியும் தன்னிடம்தான் இருக்கும் என்றாள், அவர் தலையாட்டினார். சமையலறைக்கு அவள் முழுக்க வந்து சேர ஏழெட்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகும் மனம் சரியில்லாத நாளில் எட்டு எட்டு நடந்து மேற்குப் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எண்காரர் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

இதெல்லாம் நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வரைபடத்தில் அந்த வீட்டின் இரண்டு துண்டுக்கும் இடையே நாலரை கிலோமீட்டர் என்றுதான் இன்றும் இருக்கிறது. எண்காரருக்கு மேற்குப் பக்கம் வேலை இருந்தால் சமையலறை வழியாகப் போய்விடுவார், டிரைவர் தன் பஸ்ஸைத் தானே முந்திக்கொண்டு வீடு வந்துவிடுவதாக முதலில் கொஞ்ச நாள் நிலையத்தில் புகார் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. தபால்காரர் எந்த வாசல் கிட்டேயோ அதில் கடிதத்தைப் போடுகிறார். பழுப்பு நோட்டைத் தையல்காரி சாமான்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேருந்து நிலையத்து அறையில், குடைகளுக்கு மேல் தட்டில், 2117 என்ற எண்ணோடு அது இருக்கிறது. கேட்பாரில்லாத பொருள்களை வருடா வருடம் ஏலம் விடும்போது அதை மட்டும் சாமான்காரம்மா எடுத்து வைத்துவிடுவாள். பதிவேட்டில் உரிமையாளர் என்ற கட்டத்தில் அவள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தெரியும். வந்து கேட்கவில்லை.